சென்னையிலிருந்து பாரிஸுக்குச் சைக்கிளோடு ஒரு விமானப் பயணம்

2027ஆம் ஆண்டின் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் நெடுந்தொலைவுச் சைக்கிள் ஓட்டத்துக்குச் செல்லவிருக்கும் நீங்கள் மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். சென்னையிலிருந்து சைக்கிளைக் கொண்டுபோக எந்த விமான நிறுவனம் நல்லது, அதற்குத் தனிக்கட்டணம் கட்டித்தான் ஆகவேண்டுமா, அட்டைப்பெட்டியே போதுமா அல்லது கடினப்பெட்டி வாங்க வேண்டுமா என்பவை அவை. முதல் கேள்விக்கு ஒரே ஒரு பெயரை விடையாகச் சொல்லிவிட முடியாது. எந்த நிறுவனமாக இருந்தாலும் நீங்கள் பார்க்க வேண்டியவை மூன்று எண்களும் ஒரு வரி எழுத்தும்தான். எடை, அளவு, எண்ணிக்கை ஆகியவை அந்த எண்கள். உங்கள் பயணப்பதிவில் சைக்கிள் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது என்று நிறுவனம் பதிந்து கொடுப்பது அந்த வரி. இவற்றில் பெரும்பாலோர் முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு விமான நிலையத்துக்குப் போய் நிற்கிறார்கள்.

1,200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை 90 மணி நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டிய அந்த ஓட்டம் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வருகிறது. அதில் கலந்துகொள்ள, அதே ஆண்டில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் ஓட்டங்களை முடித்துத் தகுதி பெற்றிருக்க வேண்டும். இவ்வளவு உழைத்துவிட்டு அங்கே போய் வாடகைச் சைக்கிளில் ஏறினால், இருக்கையின் உயரத்தில் வரும் சிறு மாற்றம்கூட முந்நூறாவது கிலோமீட்டரில் முழங்கால் வலியாக வந்து நிற்கும் என்பதால், சொந்தச் சைக்கிளையே கொண்டுபோவது என்ற உங்கள் முடிவு சரியானதுதான்.

எடையில் தொடங்குகிறேன். செக்-இன் லக்கேஜைக் கணக்கிடுவதில் விமான நிறுவனங்களிடம் இரண்டு முறைகள் இருக்கின்றன. மொத்த எடையை மட்டும் பார்ப்பது ஒரு முறை. இத்தனை பெட்டிகள், ஒவ்வொன்றும் இத்தனை கிலோவுக்குள் என்று எண்ணிக்கையைப் பார்ப்பது மற்றொன்று. இந்தியாவிலிருந்து வளைகுடா வழியாகப் போகும் நிறுவனங்கள் பலவும் நெடுங்காலமாக முதல் முறையைப் பின்பற்றி வருகின்றன. அங்கே உங்களுக்கு 30 கிலோ அனுமதி என்றால், சைக்கிள் பெட்டி 15 கிலோ, துணிப்பை 12 கிலோ என்று பிரித்துக்கொள்ளலாம்; சைக்கிளை விளையாட்டுச் சாதனமாகக் கருதி அந்த 30 கிலோவுக்குள் சேர்த்துக்கொள்ளும் நிறுவனத்தில் தனிக்கட்டணத்துக்கு இடமே இருக்காது. இரண்டாம் முறையில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்பது எகானமி வகுப்பில் பரவலான வரம்பு. உங்களுக்கு ஒரே ஒரு பெட்டிதான் அனுமதி என்றால், சைக்கிள் பெட்டி அந்த ஒன்றைத் தின்றுவிடும். துணிமணிக்கு இரண்டாவது பெட்டியை விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். எந்த முறையானாலும், தனி ஒரு பொருள் 32 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது ஏறக்குறைய உலகம் முழுவதும் உள்ள விதி. பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் தொழிலாளர்களின் முதுகைக் காப்பதற்காக வந்த விதி அது என்பதால், அதிகப் பணம் கட்டியும் அதைக் கடக்க இயலாது.

சாலைச் சைக்கிள் ஒன்று 9 கிலோ, அட்டைப்பெட்டி 4 கிலோ என்று வைத்துக்கொண்டால், 23 கிலோவில் இன்னும் 10 கிலோ மிச்சம் இருக்கிறது. ஹெல்மெட், மாற்று டயர், மழைச்சட்டை, கருவிகள் எல்லாம் அந்த இடைவெளிகளில் அடங்கிவிடும். கடினப்பெட்டியோ தானே 10 முதல் 12 கிலோ இருக்கும் என்பதால், அதே சைக்கிளை வைத்தவுடன் வரம்பு நெருங்கிவிடுகிறது. சைக்கிள் பெட்டியில் சைக்கிளைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது என்று எழுதிவைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு ஜெர்சியைச் சைக்கிளின் சட்டத்தின்மேல் (ஃபிரேம்) சுற்றிவைப்பதை யாரும் குறை சொல்லப்போவதில்லை, அரிசி முறுக்குப் பொட்டலங்கள் நிறைந்திருந்தால் கேள்வி வரும்.

அடுத்த எண் அளவு. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் விளைகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதே சாதாரணப் பெட்டிக்கான பழைய வழக்கம். அங்குலக் கணக்கில் இது 62. கடையில் கிடைக்கும் சைக்கிள் அட்டைப்பெட்டி ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் நீளமும் 80 சென்டிமீட்டர் உயரமும் 22 சென்டிமீட்டர் அகலமுமாக, மொத்தம் 242 சென்டிமீட்டர் வருகிறது. ஆகவே பொது விதிப்படி முழு அளவுச் சைக்கிள் எதுவானாலும் அளவு மீறிய பொருள்தான். இதனால்தான் நிறுவனங்கள் விளையாட்டுச் சாதனங்களுக்கென்று தனிப் பக்கத்தில் தனி விதி எழுதுகின்றன. நீங்கள் படிக்க வேண்டியது அந்தப் பக்கத்தையே, பொதுவான லக்கேஜ் பக்கத்தை அல்ல. எடுத்துக்காட்டாக, பிரிட்டிஷ் ஏர்வேஸ் சைக்கிளை வழக்கமான அனுமதியில் ஒரு பெட்டியாக ஏற்றுக்கொண்டு, 190 × 75 × 65 சென்டிமீட்டர் என்று வரம்பு வைத்திருக்கிறது. நீளத்திலும் அகலத்திலும் தாராளமான வரம்புதான். ஆனால் நான் மேலே சொன்ன அட்டைப்பெட்டியின் உயரம் 80 என்பதைக் கவனியுங்கள். ஐந்து சென்டிமீட்டருக்காகப் பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை என்றாலும், தடுத்தால் உங்கள் பக்கம் நியாயம் இருக்காது. பெட்டியின் மேல்பகுதியை வெட்டி மடித்து ஒட்டிக் குறைத்துக்கொள்வது அரை மணி நேர வேலை. லுப்தான்சா போன்ற நிறுவனங்களில் சைக்கிளுக்கு முன்பதிவும் தனிக்கட்டணமும் வேண்டும்.

158 என்ற இந்த எண்ணுக்கு அஞ்சி உருவானவையே பிரித்து மாட்டக்கூடிய சட்டங்கள். சட்டக் குழாய்களை நடுவில் இணைப்பான்கள் வைத்துப் பிரிக்கும்படி செய்து, 26 × 26 × 10 அங்குலப் பெட்டியில் அடக்கிவிடுவார்கள். அந்த மூன்றையும் கூட்டிப் பாருங்கள், சரியாக 62 வரும். மடக்கிய பிராம்டன் சைக்கிளும் 150 சென்டிமீட்டர் அளவிலேயே நின்றுவிடுகிறது. ஒரு பயணத்துக்காக இவற்றை வாங்கச் சொல்ல மாட்டேன்; ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை பறப்பவருக்கு மட்டும் அந்தச் செலவு திரும்பி வரும்.

இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. 2019ஆம் ஆண்டுவரை அமெரிக்க நிறுவனங்களில் சைக்கிளுக்கு ஒரு வழிக்கு 150 டாலர் என்பது சாதாரணமாக இருந்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அந்தக் கூடுதல் கட்டணத்தை நீக்கியது, இரண்டு மாதத்தில் டெல்டாவும் நீக்கியது. அதற்கு முன் எழுதப்பட்ட அனுபவக் குறிப்புகளை நம்பிப் பட்ஜெட் போட்டவர்கள் மகிழ்ச்சியடைந்திருப்பார்கள்; எதிர்த் திசையில் விதி மாறும்போது அதே குறிப்புகள் ஆளை நடுவழியில் நிறுத்திவிடும். நான் இங்கே எழுதியிருக்கும் எண்களையும் பயணச்சீட்டு வாங்கும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்; அன்று அந்தப் பக்கம் என்ன சொல்கிறது என்பதைத் தேதியோடு சேமித்தும் வையுங்கள்.

இப்போது அந்த ஒரு வரி எழுத்துக்கு வருகிறேன். சைக்கிளைக் கொண்டுவரப்போவதாக நிறுவனத்துக்குச் சொன்னவுடன், அவர்கள் அதை உங்கள் பிஎன்ஆர் பதிவில் சிறப்புச் சேவைக் கோரிக்கையாகச் சேர்ப்பார்கள். அதற்குச் சைக்கிளைக் குறிக்கும் ‘பைக்’ (BIKE) என்ற நான்கு ஆங்கில எழுத்துக் குறியீடே உலகப் பொதுவாக இருக்கிறது. கோரிக்கை பதிவானது வேறு, அது உறுதியானது வேறு. உறுதியாகிவிட்டால் அதன் பக்கத்தில் ‘எச்கே’ (HK) என்ற நிலைக்குறி வரும். அந்தக் குறி வந்திருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டு, மின்னஞ்சலிலும் பெற்றுக்கொள்ளுங்கள். இதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம், விமானத்தின் வயிற்றில் இருக்கும் இடம் அளவானது என்பதுதான். பெரிய விமானங்களில் சாதாரணப் பெட்டிகள் கொள்கலன்களுக்குள் போகின்றன. சைக்கிள் போன்றவை பெரும்பாலும் பின்பகுதியில், பொருள்களை அப்படியே அடுக்கும் சிறிய அறைக்குப் போகின்றன. பாரிஸ் ஓட்டத்துக்கு முந்தைய வாரத்தில் ஒரே விமானத்தில் பத்துப் பேர் சைக்கிளோடு வந்து நின்றால், முன்பே பதிந்தவருக்கும் பதியாதவருக்கும் இடையிலான வேறுபாடு அங்கே தெரிந்துவிடும்.

சீட்டு ஒரு நிறுவனத்தின் பெயரிலும் பறப்பது இன்னொரு நிறுவனத்தின் விமானத்திலும் என்றால், யாருடைய லக்கேஜ் விதி பொருந்தும் என்பதைச் சீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். விளையாட்டுச் சாதனத்துக்கான ஒப்புதலைப் பறக்கும் நிறுவனத்திடமிருந்தும் வாங்குங்கள். மதுரை, கோவை போன்ற ஊர்களிலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு தொல்லை இருக்கிறது. உள்நாட்டு விமானத்துக்குத் தனிச் சீட்டு வாங்கினால், அங்கே பரவலான 15 கிலோ வரம்பு தான் செல்லும். பன்னாட்டுச் சீட்டின் 30 கிலோவைக் காட்டி வாதாட முடியாது. ஏடிஆர் போன்ற சிறிய விமானம் வந்துவிட்டால் பெட்டி கதவுக்குள் நுழையுமா என்பதே கேள்வியாகிவிடும். சென்னைவரை ரயிலிலோ பேருந்திலோ வந்து, சென்னையில் பெட்டி கட்டுவதே நல்லது.

பெட்டியைப் பற்றி என் கருத்து உறுதியானது: ஒரே ஒரு பயணத்துக்கு அட்டைப்பெட்டி போதும். புதிய சைக்கிள்கள் வந்திறங்கும் பெட்டிகளைக் கடைக்காரர்கள் அநேகமாகச் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். அதோடு முன் ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கும் இடையில் வைக்கும் பிளாஸ்டிக் தாங்கியையும், பிரேக் பேடுகளுக்கு இடையில் செருகும் பிளாஸ்டிக் துண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் குப்பையில் போடும் அந்த இரண்டும் உங்களுக்குத் தங்கம். தாங்கி இல்லாமல் பெட்டியின்மேல் எடை ஏறினால் ஃபோர்க் கால்கள் உள்நோக்கி வளையக்கூடும். துண்டு இல்லாமல் ஹைட்ராலிக் பிரேக்கின் பிடி அழுந்தினால் பிஸ்டன்கள் வெளியே வந்து, பிறகு சக்கரமே உள்ளே நுழையாது.

கட்டும்போது பெடல்களைக் கழற்ற வேண்டும். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழானது என்பதை நினைவில் வைக்காமல் முழுப் பலத்தோடு திருகிக் கெடுத்தவர்கள் உண்டு. இருக்கைத் தண்டை இறக்குமுன் அதன் உயரத்தில் ஒரு டேப்பைச் சுற்றி அடையாளம் வையுங்கள். டிஸ்க் ரோட்டர்களைக் கழற்றித் தனியாக இரு அட்டைகளுக்கு நடுவில் வைப்பது நல்லது, ஏனென்றால் பெட்டிக்குள் முதலில் வளைவது அவைதான். பின் டிரெய்லியரை, அதாவது பின்சக்கரக் கியர் மாற்றியை, சட்டத்திலிருந்து அவிழ்த்து, குமிழுறையில் சுற்றி, பின் முக்கோணத்துக்குள் கட்டிவிடுங்கள். அது மாட்டியிருந்தபடியே பெட்டி ஒரு பக்கமாக விழுந்தால், டிரெய்லியரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்துவிடும். மாற்று ஹேங்கர் ஒன்று கையில் இருக்கட்டும். ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒவ்வொரு வடிவம் என்பதால் பிரான்சின் கிராமத்துக் கடையில் அது கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இதில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. என் முதல் பயணத்தில் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கட்டி, முன் சக்கரத்தின் ஆக்சிலை மட்டும் ஒரு சிறு பையில் போட்டு அட்டைப்பெட்டியின் அடியில் விட்டிருந்தேன். இடையில் ஏதோ ஒரு நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைக்காகப் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். திறந்தவர் மீண்டும் ஒட்டியபோது கைப்பிடித் துளையின் ஓரம் கிழிந்திருக்க வேண்டும். போய் இறங்கியபோது சைக்கிள் முழுதாக இருந்தது, ஆக்சில் இல்லை. அரை நாள் கடை கடையாக அலைந்து, மரை அளவு பொருந்தும் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து பெட்டியை எனக்காகக் கட்டுவதில்லை, அதைத் திறந்து மூடப்போகும் முகந்தெரியாத ஒருவருக்காகக் கட்டுகிறேன். சிறு உதிரிகள் அனைத்தும் ஒரே பையில், அந்தப் பை சட்டத்தோடு இறுகக் கட்டப்பட்டு இருக்கும். சக்கரங்களும் சட்டத்தோடு பிணைக்கப்பட்டு மொத்தமும் ஒரே கட்டாக வெளியே வந்து உள்ளே போகும். துளைகளை உள்பக்கமிருந்து டேப்பால் அடைத்திருப்பேன். பெட்டியின் மேல்மூடியில் உள்ளே எப்படி இருந்தது என்பதற்கான படம் ஒட்டியிருக்கும். பெயரும் தொலைபேசி எண்ணும் பெட்டிக்கு வெளியிலும் உள்ளேயும் இருக்க வேண்டும்.

டயரில் காற்றை முழுவதும் இறக்கச் சொல்வார்கள், இல்லையேல் வானத்தில் வெடிக்கும் என்பார்கள். கணக்கைப் பாருங்கள். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பிஎஸ்ஐ, பயணிகள் அமரும் பகுதியைப் போலவே லக்கேஜ் அறையும் அழுத்தம் காக்கப்படுவது, 8,000 அடி உயர மலையில் உள்ள அளவாகிய ஏறத்தாழ 11 பிஎஸ்ஐக்கு அது இறங்கும். ஆக 80 பிஎஸ்ஐ வைத்த டயர் 84 ஆகலாம், அவ்வளவுதான். வெளியே முழு வெற்றிடமே இருந்தாலும் 95ஐத் தாண்டாது. ஆனால் கவுண்டரில் இந்தப் பாடத்தை நடத்திப் பயனில்லை. விதி கேட்பதால் காற்றைக் குறைத்துவிடுங்கள். ரிம்மைக் காக்கச் சிறிது காற்று உள்ளே இருக்கட்டும்.

பேட்டரி விதி அப்படிப்பட்டதல்ல. அதற்குக் காரணம் இருக்கிறது, தளர்வு இல்லை. பவர் பேங்கும் உதிரி லித்தியம் பேட்டரிகளும் கைப்பையில்தான் வர வேண்டும்; 100 வாட்-மணிக்கு உட்பட்டவை பொதுவாகச் செல்லும், 100 முதல் 160 வரை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்கு மேல் பயணியின் லக்கேஜில் இடமில்லை. மின்சைக்கிளின் பேட்டரி பொதுவாக 300 வாட்-மணிக்கும் மேல் என்பதால் அது எந்த வழியிலும் ஏறாது. மின்கியரின் பேட்டரி இதோடு ஒப்பிட்டால் பொடிசு. இருக்கைத் தண்டுக்குள் வைக்கும் ஷிமானோவின் பேட்டரி நான்கு வாட்-மணிகூட இல்லை. ஆயினும் கழற்ற முடிந்ததைக் கழற்றிக் கைப்பையில் வையுங்கள், விளக்குகளையும் அப்படியே. காற்றடைக்கும் கார்பன் டை ஆக்சைடு குப்பிகளைக் கொண்டுபோகாதீர்கள். நிறுவனத்துக்கு நிறுவனம், நாட்டுக்கு நாடு விதி வேறுபடும் அந்தப் பொருளுக்காகப் பெட்டியைத் திறக்கவைப்பதைவிட அங்கே போய் வாங்குவது எளிது. செயினைக் கழுவும் ஸ்ப்ரேயும் எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் வீட்டிலேயே இருக்கட்டும். கருவிகள் பெட்டிக்குள் போகட்டும். கைப்பையில் ஆலன் சாவிக் கொத்தைக் கண்டால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். உங்கள் காலணிகளும் ஒரு ஜோடி ஓட்ட உடையும் கைப்பையில் இருந்தால், சைக்கிள் தாமதமானாலும் இரவல் சைக்கிளில் ஒரு பயிற்சியாவது ஓட்டலாம். ஓட்டத்துக்கு நான்கு நாள் முன்பாவது போய்ச் சேரும்படி சீட்டு எடுங்கள். இடைநிலையத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியைத் தவிர்த்துவிடுங்கள், மனிதர் தள்ளிப்போகும் பெரிய பெட்டி உங்களைப்போல் ஓடாது.

கவுண்டரில் சில நேரம் உங்கள் பெட்டிக்கு ஒரு சீட்டை ஒட்டி அதில் கையெழுத்துக் கேட்பார்கள். பொருள் உடையக்கூடியது அல்லது போதுமான அளவு கட்டப்படவில்லை, ஆகவே சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்பது அதன் சாரம். படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், பெட்டி உறுதியாக இருந்தால் ‘போதுமான அளவு கட்டப்படவில்லை’ என்ற கட்டத்தில் குறியிட வேண்டாம் என்று பணிவோடு கேட்கலாம். பெட்டியை ஒட்டுமுன்பும் ஒட்டிய பின்பும் படம் எடுத்துவைத்தால் அந்தக் கோரிக்கைக்கு வலு கூடும்.

சேதம் நேர்ந்தால், பன்னாட்டுப் பயணத்துக்கு 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். இந்தியாவும் பிரான்சும் அதில் இருக்கின்றன. லக்கேஜ் சேதத்துக்கும் இழப்புக்கும் தாமதத்துக்கும் சேர்த்து ஒரு பயணிக்கு அதிகபட்ச இழப்பீடு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்டிஆர் (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது சுமார் 2,000 அமெரிக்க டாலர். உங்கள் கார்பன் சைக்கிளின் விலை அதைத் தாண்டினால், செக்-இன் செய்யும்போதே கூடுதல் மதிப்பை அறிவித்து அதற்கான கட்டணத்தைச் செலுத்த உடன்படிக்கை இடம் தருகிறது. கவுண்டர் ஊழியர்கள் பலரும் கேள்விப்படாத வழி என்பதால் முன்பே எழுதிக் கேளுங்கள். பயணக் காப்பீட்டிலும் விளையாட்டுச் சாதனம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சேதத்தைப் பெட்டி கைக்கு வந்த 7 நாட்களுக்குள்ளும், தாமதத்தைப் பெட்டி கிடைத்த 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதற்கும் முன்பாக, விமான நிலையத்தை விட்டு வெளியேறுவதற்குள் பெட்டியைத் திறந்து ஃபோர்க்கையும் சட்டத்தையும் ஒரு பார்வை பார்த்து, கோளாறு இருந்தால் அங்குள்ள லக்கேஜ் மேசையில் அறிக்கை பதிந்து அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். களைப்பில் நேராக விடுதிக்குப் போய் மறுநாள் திறப்பவர்களுக்கு, சேதம் டாக்ஸியில் நேரவில்லை என்று நிரூபிக்கும் வேலையும் வந்து சேர்கிறது.

இன்னும் ஒன்று, திரும்பி வரும்போதைய சுங்கம். விலை உயர்ந்த சைக்கிளானால், போகும்போதே சென்னை விமான நிலையச் சுங்க அலுவலரிடம் சைக்கிள் சட்டத்தில் உள்ள எண்ணைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளுங்கள். பெட்டியைக் கவுண்டரில் கொடுத்துவிட்ட பிறகு இதைச் செய்ய முடியாது. சான்றிதழ் கையில் இருந்தால், வரும்போது இது அங்கே வாங்கியதா என்ற கேள்விக்கு ஒரு காகிதத்தில் பதில் முடிந்துவிடும்.

அட்டைப்பெட்டியை ஓட்டம் முடியும்வரை எங்கே வைப்பது என்பதையும் இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். 2019, 2023 ஆண்டுகளில் ஓட்டம் தொடங்கிய ராம்பூயே பாரிஸுக்குத் தென்மேற்கே உள்ள சிறிய ஊர். விடுதி அறைகளும் சிறியவை. அறை பதியும்போதே ஐந்து நாட்களுக்குப் பெட்டியை வைத்துக்கொள்வார்களா என்று எழுதிக் கேட்டுவிடுங்கள். மடித்துவைத்தால் கட்டிலுக்கு அடியில் அடங்கிவிடும். ஆகவே சென்னையில் ஒட்டும்போது அடிப்பக்க டேப்பை அறுத்து மறுபடி ஒட்டும்படி விட்டு, ஒரு டேப் உருளையையும் நான்கைந்து கேபிள் டைகளையும் பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுங்கள். 1,200 கிலோமீட்டர் ஓட்டி முடித்த மறுநாள் காலை டேப் வாங்கக் கடை தேடி நடக்கும் நிலையில் உங்கள் கால்கள் இருக்காது.